வருகைப் புத்தகத்தில் எழுதிய பெயர்

1986 வைகாசி. ஜெர்மனியில் ஹனோவருக்கு வடக்கே ஒரு சிற்றூரின் அகதிகள் விடுதியில் கமலாம்பிகைக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்துப் பதினாறு மாதமாகியும் பதில் இல்லை. அறையில் கூடவிருந்த கொறற்றி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"வாங்கோ அக்கா. பஸ்ஸில போகேக்க றோட்டோரத்தில ஒரு பலகை நிக்குதே, அந்தப் பழைய வீட்டைப் பாத்திட்டு வருவம்."

பஸ்ஸால் இறங்கியதும் பலகையைக் கொறற்றி எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள். இருநூறு வருடங்களுக்கு முன் இந்தச் சதுப்பு நிலத்தில் முதலில் குடியேறிய குடும்பத்தின் வீடு. மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறார்கள். கமலாம்பிகை எதையும் நின்று பார்க்கவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். வீட்டுக்குப் பொறுப்பான கிழவர் வருகைப் புத்தகத்தை நீட்ட, இருவரும் பெயரும் ஊரும் எழுதினார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் ஊர் எல்லையின் மஞ்சள் பலகை கண்ணில் பட்டது. அதில் வேறு மாவட்டத்தின் பெயர் இருந்தது. விண்ணப்பம் முடிவாகும்வரை அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாதென்று அவர்களுடைய அகதி அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

"எல்லை தாண்டிட்டம் கொறற்றி. அதை என்ரை கையாலேயே எழுதியும் குடுத்திட்டன்."

"உதை ஆர் அக்கா பாக்கப்போகினம்?"

"என்ரை கேசைப் பாக்கிறவன் பாத்தால்?"

கடைசி பஸ் வந்தது. அவள் ஏறாமல் திரும்பி நடந்தாள். கொறற்றி முணுமுணுத்தபடி பின்னால் போனாள்.

கிழவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கொறற்றி தெரிந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொல்லி, பெயர்களை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். அவர் மறுபடி கதவைத் திறந்து புத்தகத்தை எடுத்தார்.

"கோடு போட்டு வெட்டினால்தான் ஆக்கள் உத்துப் பாப்பினமாம், அக்கா," என்று கொறற்றி அவர் சொன்னதைச் சொன்னாள்.

கிழவர் அந்தத் தாளையே கிழித்தார். அதிலிருந்த மற்ற ஏழு பெயர்களையும் புதிய பக்கத்தில் நிதானமாக எழுதினார். கிழித்த தாளை மடித்துக் கமலாம்பிகையின் கையில் கொடுத்துவிட்டு, மாவட்ட எல்லைப் பாலம்வரை தன் காரில் கொண்டுபோய் விட்டார்.

பாலத்துக்குத் தங்கள் மாவட்டப் பக்கம் இறங்கியதும் அவள் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து வாய்க்காலில் போட்டாள். துண்டுகள் மிதந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப நிம்மதியோ?" என்றாள் கொறற்றி.

"ஓம்."

பத்தடி நடந்திருப்பார்கள்.

"அந்த மனுசன் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டார்தானே?"

கொறற்றி அவளுடைய கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள். விடுதிக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர் நடக்க வேண்டியிருந்தது.