பாய்லர் அழுக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிலும் சந்தேகம் என்பதே கிடையாது. ஒருவன் வீட்டுக் கொல்லையில் கடல் வந்து நிற்கிறது என்றால், ஏன் வந்தது, யாரைக் கேட்டு வந்தது, எப்போது போகும் என்று நாலு கேள்வி கேட்க வேண்டாமா? சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம், கீழப்பழுவூர் கொளஞ்சியப்பன் வீட்டு வெந்நீர் பாய்லரின் அடியிலிருந்து கடல் வந்தபோது நடந்தது அதுதான். காலையில் வந்தது. உச்சிப் பொழுதுக்குள் ஊரே நனைந்துவிட்டது. நனையாமல் நின்றவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

கொளஞ்சியப்பன் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால், திருச்சியில் உட்கார்ந்திருப்பவன் இந்த ஊர் வானத்தை எப்படிப் பார்த்தான் என்பார். கடையில் தராசைப் பார்க்க மாட்டார், தராசு பிடிக்கிறவனின் சுண்டு விரலைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது என்று வாத்தியார் சொன்ன அன்றைக்கு, மதிப்பில்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று எழுந்து வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஒரு பாய்லரைக் கொடுத்தது மச்சினன் சாமிதுரையின் தப்பு. பூலாம்பாடிக்காரனான அவன் பினாங்கில் பல வருஷம் இருந்துவிட்டு எழுபத்து நாலில் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது, அக்கா ரெங்கம்மாளுக்கென்று ஒரு செம்பு பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடுவே கரி போட ஒரு குழல், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய், பக்கத்தில் வெந்நீர் பிடிக்க ஒரு குழாய். இதுவரைக்கும் சரி. அடியில் இன்னொரு சின்னத் திருகு இருந்தது. வில்லங்கம் அங்கேதான்.

"நம்ம பக்கத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி மாமா. வருஷத்துக்கு ஒரு தடவை இந்த அடித் திருகைத் தொறந்து விட்டுருங்க. உள்ள படிஞ்ச அழுக்கெல்லாம் வெளிய வந்துரும்" என்றான் சாமிதுரை.

"ஊத்துறது நல்ல தண்ணி. எடுக்கிறதும் நல்ல தண்ணி. நடுவுல அழுக்கு எங்கேருந்து மாப்ளே வரும்? ரெண்டு வாய் வச்ச சாமானை நான் வூட்டுல சேக்கிறதில்ல."

"எங்க அக்காவைச் சேத்துக்கிட்டீங்களே மாமா, அதுக்கும் ரெண்டு வாய்தான?"

ரெங்கம்மாள் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் பஸ் ஏறினதும் கொளஞ்சியப்பன் அந்த அடித் திருகை சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அரியலூர்ப் பக்கத்தில் எது ஒழுகினாலும், எது ஆடினாலும், எது பிடிக்காமல் போனாலும் ஒரு கை சிமெண்ட் வைப்பது வழக்கம். சிமெண்ட் ஆலை லாரி போகிற தடத்தில் கூட்டி அள்ளினாலே ஒரு குடும்பத்துக்குப் போதும். கட்டில் காலுக்கு சிமெண்ட், மாட்டுத் தொட்டிக்கு சிமெண்ட், அண்ணன் தம்பி சண்டை என்றால் நடுக்கதவுக்கு சிமெண்ட். பல்லில் ஓட்டை விழுந்த ஒருவர் அதற்கும் வைத்துக்கொண்டு, சாகிற வரைக்கும் அந்தப் பல்லால்தான் முறுக்கு கடித்தார்.

முதல் வருஷம் பாய்லர் ஒழுங்காக இருந்தது. ரெங்கம்மாளுக்கு முட்டிவலி, விடிந்ததும் காய்ந்த பருத்திமாரைக் கொளுத்திக் கரியைப் பற்றவைத்து, முட்டிக்கு இரண்டு குடம் வெந்நீர் ஊற்றினால்தான் எழுந்து நடக்க முடியும். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவைத்த வேட்டி காய்ந்ததும் தானாக நிற்கும், அவ்வளவு சுண்ணாம்பு. ஊற்ற ஊற்ற உள்ளே படிந்தது. இரண்டாம் வருஷம் ஒரு குடம் ஊற்றினால் முக்கால் குடம் வந்தது. அடுத்த வருஷம் அரைக் குடம். மீதி எங்கே போகிறது என்று ரெங்கம்மாள் கேட்டாள், செம்பு குடிக்கிறது என்று அவர் சொன்னார். சூடேறினால் உள்ளே கடலை வறுக்கிற மாதிரி படபடவென்று வெடித்தது. பிறகு அந்தச் சத்தம் மாறி, ஓவென்று எழும்பி, அடங்கி, மறுபடியும் எழும்பியது. பக்கத்து வீட்டு இருசம்மாள் அந்தத் தாளத்துக்கு மாவாட்டப் பழகிக்கொண்டாள். எழுபத்தெட்டு வாக்கில் பௌர்ணமி அன்றைக்குக் குழாயில் கூடுதலாகவும் மற்ற நாளில் குறைவாகவும் வரத் தொடங்கியது. ரெங்கம்மாள் தலை சீவினால் சீப்பில் பொடிச் சிப்பி வந்தது. சோப்பு சரியில்லை என்றார் கொளஞ்சியப்பன். எண்பத்தொன்றில் குழாய் வழியாக ஒரு நண்டு இறங்கி, பக்கவாட்டில் நடந்து அடுப்படிக்குப் போனது. அதை எடுத்து வேலிக்கு வெளியே போட்டுவிட்டு, வயல் நண்டு என்றார்.

மறு வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் ரெங்கம்மாள் இரண்டு குடம் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அரைச் செம்பு வந்தது. அவள் அதை முட்டியில் ஊற்றிக்கொள்ளவில்லை. நடவு முடிந்த மாதிரி நிதானமாக எழுந்து, புடவையை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இந்த பாய்லருக்கு அடியத் தொறக்கிற அன்னைக்கு நான் இந்த வூட்டுக்கு வரேன். அது வரைக்கும் நீங்களாச்சு, உங்க சிமெண்டாச்சு."

"போனா உன்னைக் கூப்பிட வரமாட்டேன், ஆமா."

"யாரு வரச் சொன்னா?"

முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து பஸ் ஏறி, பூலாம்பாடியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டவர்களிடம் கொளஞ்சியப்பன் விருந்துக்குப் போயிருக்கிறாள் என்றார். மாசி போய்ப் பங்குனி வந்தது, விருந்து முடியவில்லை. அவர் வைத்த குழம்பை அவர் வீட்டு மாடே மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றது. பேச ஆள் இல்லாமல் பாய்லருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அது ஓவென்றது. இவர் உம் என்றார். கூப்பிடப் போனால் தோற்ற மாதிரி ஆகும். போகாவிட்டால் அவள் வரமாட்டாள். நாற்பது வருஷமாக அவளோடு சண்டை போட்டே பழகியவருக்கு, சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் விடிந்ததும் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். அவளுக்காக இல்லை, எட்டு வருஷமாக ஊற்றிய தண்ணீரை உள்ளே எவன் பதுக்கி வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான். தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு அடித்தார். நல்ல சிமெண்ட், லேசில் விடவில்லை. ஒரு அடி கட்டை விரலில் விழுந்தது. கடைசியில் பூச்சு பெயர்ந்து, திருகு கழன்று ஓடியது. முதலில் மோர் மாதிரி தண்ணீர் வந்தது. பிறகு அப்பளம் அப்பளமாகச் சுண்ணாம்பு. பிறகு மணல். பிறகு சிப்பி, சங்கு. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தில் கல்லாகக் கிடக்குமே, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட நத்தை, அது இங்கே உயிரோடு வந்தது. அதற்குப் பிறகு வந்தது நீலமாக இருந்தது. அது நிற்கவில்லை.

"கொளஞ்சிண்ணே, என்னண்ணே அது?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டினாள் இருசம்மாள்.

"பாய்லர் அழுக்கு."

"அழுக்குல அலை அடிக்குமா?"

"அடிக்குதுல்ல, கண்ணு தெரியல?"

கொல்லையை நிரப்பி, வேலியைத் தாண்டி, பின்னால் கிடந்த கருவேலந்தரிசு முழுக்கப் பரவி, அடிவானத்தைத் தொட்டதும்தான் அது நின்றது. யாருடைய பயிருக்குள்ளும் போகவில்லை. வீட்டுப் பக்கம் மாட்டுத் தொட்டியோடு கரையை வைத்துக்கொண்டது. பாய்லரிலிருந்து வந்ததால் வெதுவெதுப்பாக இருந்தது. இது தெரிந்ததும் ஊரிலுள்ள வாதக்காரர்கள், முட்டிவலிக்காரர்கள், குறுக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் வந்து கழுத்தளவு உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் வாழைமட்டையைக் கட்டி மிதந்தார்கள். திருமழபாடியில் கொள்ளிடத்துக் கரையில் வலை வீசுகிறவர்கள் சைக்கிளில் வலையோடு வந்து, மத்தியும் நெத்திலியும் பிடித்து, அரியலூர்ச் சந்தைக்கு அனுப்பினார்கள். கறிக்கோழி விலை கொஞ்சம் இறங்கியது. கிராம அதிகாரி வந்து கரையில் நின்று யோசித்தார். ஏரிப் புறம்போக்கு உண்டு, ஓடைப் புறம்போக்கு உண்டு, கடல் புறம்போக்கு நம் தாலுகாவில் இல்லையே என்று வருத்தப்பட்டுவிட்டு, அவரும் செருப்பைக் கழற்றினார்.

கொளஞ்சியப்பனுக்கு இதில் எதுவும் ஒப்பவில்லை. அவர் எதிர்பார்த்தது ஒரு வாளி அழுக்கு. அதைக் காட்டி அவளுக்கு எப்படியாவது சேதி போக வைத்திருக்கலாம். கடல் வந்ததென்று பூலாம்பாடிக்குச் சொல்லி அனுப்பினால் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லை. நடந்ததை அவள் அறிய வேண்டும், ஆனால் அவர் சொன்னதாக இருக்கக் கூடாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது பெரம்பலூர் பூலாம்பாடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அதே தெருக்காரன் முருகையன். மூன்றாம் நாள் அவன் பூலாம்பாடி கடைத்தெருவில் ரெங்கம்மாளைப் பார்த்து, ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டே கத்தினான்:

"பெரியம்மா! ஒங்க வூட்டுக் கொல்லையில கடலு வந்துருக்கு! ஊரே எறங்கிருச்சு!"

பஸ் இரைச்சலில் ரெங்கம்மாள் காதில் கடலு என்பது கடல என்று விழுந்தது. தை மாதம் அவள் கையாலேயே விதைத்த கடலை. அது விளைந்து, யாரோ ஊரைக் கூட்டி இறங்கிப் பறிக்கிறார்கள். பாய்லருக்கு அடி திறக்காமல் வரமாட்டேன் என்று சொன்னது நிஜம்தான். ஆனால் விளைந்த கடலையை ஊரார் பறிக்கப் பார்த்துக்கொண்டு இருப்பதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் ஒரு சாக்கும் தம்பி பெண்டாட்டியிடம் ஒரு கூடையும் வாங்கிக்கொண்டு, சாமிதுரையையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பெரம்பலூரில் மாறி, அரியலூரில் மாறி, வழியெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தாள். கிணற்று ஓரத்துக் கடலைக் கொல்லையைத்தான் முதலில் பார்த்தாள். செடி அப்படியே நின்றது, இன்னும் பத்து நாள் போகவேண்டிய செடி. அப்புறம்தான் வீட்டுப் பின்னாலிருந்து வந்த இரைச்சல் காதில் விழுந்தது.

கூடையோடு கொல்லைக்கு வந்து நின்றாள். கடலைப் பார்த்தாள். அதற்கு ஒரு மூச்சு நேரம் கொடுத்தாள். பிறகு குனிந்து பாய்லரின் அடியைப் பார்த்தாள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆயிற்று.

"தொறந்தீங்களா?"

"துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. தானா விழுந்துருச்சு" என்றார் கொளஞ்சியப்பன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ரெங்கம்மாள் அவர் கையை முன்னால் இழுத்துப் பார்த்தாள். கட்டை விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கழுத்தளவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"நீ எதுக்கு வந்த?" என்றார் அவர்.

"கடலை பறிக்க."

"கடலை இன்னும் முத்தல."

"முத்துற வரைக்கும் இருக்கேன்."

சாமிதுரை பாண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டிருந்தான். "வருஷத்துக்கு ஒரு தடவைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மாமா. எட்டு வருஷ அழுக்கைச் சேத்து வச்சா கடலுதான் வரும்" என்றான். மலேயாக் கப்பலில் வந்தபோதே பாய்லர் கடல்தண்ணீரைக் குடித்துவிட்டது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். இந்த ஊரே ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதானே, திரும்பி வந்திருக்கிறது என்று கிருஷ்ணமூர்த்தி வாத்தியார் சொன்னார். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு குடம் ஊற்றினால் இப்போது குழாயில் ஒரு குடம் வந்தது, ஆனால் ரெங்கம்மாள் கரி போடுவதையே விட்டுவிட்டாள். விடிந்ததும் எழுந்து கடலுக்குப் போனாள். கடலை முத்தியது, பறித்தார்கள், அடுத்த போகம் விதைத்தார்கள். அவள் பூலாம்பாடிக்குப் போகிற பேச்சே எடுக்கவில்லை. வருஷா வருஷம் சித்திரையில் அடித் திருகைத் திறந்துவிட்டார்கள், கோடையில் வற்றியதற்கு அது சரியாகிவிட்டது. கீழப்பழுவூரில் பிறந்த பிள்ளைகள் கடல் எல்லா ஊரிலும் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

கொளஞ்சியப்பன் மட்டும் இறங்கவில்லை. எண்பத்தைந்தோ ஆறோ, ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவரை, அலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த ரெங்கம்மாள் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒரு தடவை எறங்கித்தான் பாருங்களேன். ஒண்ணும் கடிக்காது."

அவர் தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கரை வரைக்கும் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, வந்த அலையில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அடிவானத்தை மேலும் கீழும் பார்த்தார். எவனோ உப்பு போட்டிருக்கிறான் என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஈரம் படாத பக்கமாகப் பார்த்துக் கால் வைத்து, மாட்டைப் பார்க்க நடந்தார்.