நான்கு விரற்கடை

மர வாளின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தச்சன் ரம்பத்தை எடுத்தான். பெட்டியைவிட வாள் நான்கு விரற்கடை நீளம். பெட்டியும் அவன் செய்தது. வாளும் அவன் செய்தது. முந்தாநாள் உறக்கத்திலேயே அடங்கிப்போன அவன் அக்கா, இந்த விவகாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

"என்னோடவே வைங்கன்னு சொல்லியிருந்தாளே மச்சான். எப்படியாவது உள்ள வெச்சுடு" என்றார் அத்தான்.

ஐம்பது வயதில், தற்காப்புக்கென்று அவள் வாள் பயிற்சியில் சேர்ந்தபோது தச்சன் விழுந்து விழுந்து சிரித்தான். "திருடன் வந்தா, 'தம்பி, கொஞ்சம் இரு, வீட்டுக்குப் போய் வாளை எடுத்துட்டு வரேன்'னு சொல்லுவியாக்கா?" பயிற்சிக்கு வாள் கேட்டவளுக்கு, வேண்டுமென்றே அவளைவிட உயரமாக ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தான். அவளோ அதையே தூக்கிக்கொண்டு ஆறு ஆண்டுகள் போய்வந்தாள். வாளால் பயன் உண்டா இல்லையா என்று ஞாயிறுதோறும் பட்டறையில் அதே வாய்ச்சண்டை, ஒருவரும் தோற்றதில்லை. இப்போது எதிராளி இல்லாமல் வென்றுவிட அவனுக்கு மனம் வரவில்லை.

அவளோடு பயின்ற நர்ஸைப் பார்த்தான்.

"நெசமாச் சொல்லும்மா. இது ஒரு தடவையாவது உதவுச்சா?"

நர்ஸ் பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "போன மழைக்காலத்துல, பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் கத்தியைக் காட்டினான்ணே."

"அப்புறம்?"

"அக்கா பையை அவன் மூஞ்சியில வீசிட்டு ஓடி வந்துட்டாங்க."

தச்சன் தொடையில் தட்டிச் சிரித்தான். "பார்த்தீங்களா அத்தான்! ஓடுறதுக்கு ஆறு வருஷப் படிப்பு!"

"அதுக்கு முன்னாடி அவன் குத்த வந்தான்ணே. அக்கா ரெண்டடி பின்னால போயிட்டாங்க. மழைக்கோட்டுப் பொத்தான் மட்டும்தான் போச்சு. எங்க மாஸ்டர் எப்பவும் அதைத்தானே கத்துவார், எதிராளி கை எட்டுற தூரத்துல நிக்காதேன்னு. 'என் தம்பிகிட்ட மூச்சு விடாதே, ஓடினதை மட்டும் பிடிச்சுக்குவான்'னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க."

அத்தானுக்கே அது புதுச் செய்தி. "பொத்தான் தானா அறுந்து விழுந்துடுச்சுன்னாளே, கள்ளி!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்க, கூடம் முழுவதும் சேர்ந்து சிரித்தது.

தச்சனின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. போன மழைக்காலத்துக்குப் பிறகு எத்தனை ஞாயிறுகள்! ஒன்றில்கூட அவள் இதைச் சொல்லிக்காட்டியதில்லை, விட்டுக்கொடுத்ததும் இல்லை.

வாளில் போட்டிருந்த கோட்டைக் கட்டைவிரலால் அழித்தான். பெட்டியின் கால்மாட்டுப் பலகையில் சின்னதாக ஒரு வட்டம் வரைந்து, உளியை வைத்துத் தட்டத் தொடங்கினான்.

"மச்சான், என்ன பண்றே? வண்டிக் கதவைச் சாத்த முடியாதே!"

"சாத்தலைன்னா போகட்டும் அத்தான்."

கதவைச் சாத்த முடியவில்லை. நீளப் பலகை ஏற்றும்போது கட்டுவதுபோல, வெளியே நீட்டியிருந்த நுனியில் அவன் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டான். வண்டி மெல்ல நகர்ந்தது. "தள்ளி வாங்க, தள்ளி வாங்க" என்று பின்னால் வருபவர்களைக் கையால் தடுத்தபடி, வாள் நுனிக்குச் சரியாக இரண்டடி தள்ளி, தச்சன் நடந்தான்.