கெட்ட செய்தி சொல்லும் பாடம்

டாக்டராகப் பதிவு செய்தால் மட்டும் போதாது, அந்தப் பதிவைப் புதுப்பிக்க, தொடர்ந்து படித்துக் கிரெடிட் புள்ளி சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் ஏதாவது ஓட்டலில் கருத்தரங்கு வைப்பார்கள். கையெழுத்துப் போட்டு, பிரியாணி சாப்பிட்டு, கொடுத்த பையை வாங்கிக்கொண்டு வரலாம். இப்போது எல்லாம் ஆன்லைன். எந்தப் பாடம் வேண்டுமோ நாமே எடுத்துக்கொள்ளலாம், நேரம் கிடைக்கும்போது படிக்கலாம். மேலப்பாளையத்தில் ‘டாக்டர் ரீபா’ என்று பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவளுக்கு நேரம் எங்கே கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தேவலை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல் என்று தெரிந்த பாடமாகப் பார்த்து எடுத்துத் தள்ளிவிட்டேன். எல்லா டாக்டரும் செய்வதுதான். சென்ற மாதம் மட்டும் புத்தி கெட்டுப்போய் வேறு ஒன்றை எடுத்தேன்: நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வது எப்படி.

அதற்குக் காரணம் கமர் நிஷா. பீடி சுற்றுகிறவர், பல வருடமாக என்னிடம்தான் வருகிறார். கண் மஞ்சளாக இருக்கிறது, அரிப்பு தாங்கவில்லை என்று வந்தார். ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர் மஞ்சள் குறைய உள்ளே குழாய் வைத்து அனுப்பினார். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, மூன்று மாதம் தாண்டுவது கஷ்டம் என்று எனக்குப் போனில் சொன்னார். இங்கே வியாதி யாருக்கு வந்தாலும் விவரம் போவது வீட்டு ஆண்பிள்ளைக்குத்தான். கமர் நிஷாவின் மகன் சிராஜுதீன் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான்.

“உம்மாட்ட மட்டும் சொல்லிராதிய டாக்டர். பித்தப்பையில கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா தாங்க மாட்டா.”

போனில் அழுதுகொண்டே சொன்னான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பாடத்தில் ஒரு நடிகை நோயாளியாக வந்தாள். அமைதியான அறை, சோபா, மேசையில் பூ. என் அறையில் இருப்பது ஒரு திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் காத்திருப்பவள் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு தனக்கும் அதே மாத்திரையைக் கேட்பாள். வீடியோ முடிந்ததும் பரீட்சை. முதலில் யாரிடம் சொல்வீர்கள்? ‘குடும்பத்தாரிடம்’ என்று தட்டினேன். சிவப்புப் பெருக்கல் குறி. சொல்ல வேண்டாம் என்று மகன் கேட்டால்? ‘மகன் விருப்பப்படி.’ இன்னொரு பெருக்கல் குறி. தேர்ச்சி இல்லை, மீண்டும் முயலுங்கள் என்று வந்தது. காலேஜில்கூட நான் பெயிலானதில்லை. இதை எழுதின மகராசன் ஒரு நாள் வந்து மேலப்பாளையத்தில் உட்காரட்டும் என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திவிட்டு மறுபடி எழுதினேன். அவர்கள் எதிர்பார்க்கிற விடை பிடிபட்டுவிட்டது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. பாஸ், சான்றிதழும் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போக மாட்டேன் என்றது. கமர் நிஷாவின் வியாதி கமர் நிஷாவுடையதுதானே?

மறு வாரம் வந்தார். மஞ்சள் குறைந்திருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. நாடி பார்த்துவிட்டு, பாடத்தில் சொன்னபடியே கேட்டேன்.

“நிஷாக்கா, ஸ்கேன்ல என்ன இருக்குன்னு நான் சொல்லணுமா? எவ்வளவு தெரிஞ்சுக்கிடணும்னு நினைக்கிய?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதென்ன டாக்டரம்மா, புதுசா கேக்கிய? வந்தா ஏசத்தான செய்விய. இன்னைக்கு ரொம்பப் பவ்வியமால்லா இருக்கு!”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“ஒண்ணும் சொல்லாண்டாம். மவன் கல்லுன்னான். கல்லாவே இருக்கட்டும்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மகனுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியாயிற்று, பாடத்தில் சொன்னபடியும் நடந்தாயிற்று. மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தேன்.

“இத மட்டும் சொல்லுங்க” என்றார். “எம் மவ ரைஹானத்துக்குக் கலியாணம் பேசி வச்சிருக்கு. சிராஜுக்கு லீவு பெருநாளைக்குத்தான். கலியாணத்த பெருநா கழிச்சு வைக்கவா, நோம்புக்கு முந்தியே வைக்கவா?”

நோன்புக்கே இன்னும் மூன்று மாதம் இருந்தது, பெருநாள் அது முடிந்துதான்.  இப்படி ஒரு கேள்வி அந்தப் பாடத்தில் எங்கேயும் வரவில்லை. சொன்னால் மகனுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. சொல்லாவிட்டால் அந்தக் கலியாணத்தில் பெண்ணைப் பெற்றவர் இருக்க மாட்டார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முந்தி வைங்க” என்றேன்.

“எம்புட்டு முந்தி?”

“அடுத்த மாசமே வைங்கக்கா.”  எனக்கு மறைக்கத் தெரியவில்லை.

தலையை ஆட்டிக்கொண்டார். பர்தாவைச் சரிசெய்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனை எடுத்து என் முன்னாலேயே மகனைக் கூப்பிட்டார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

“சிராஜு, லீவ இப்பமே கேளு வாப்பா. தங்கச்சி கலியாணத்த அடுத்த மாசமே வைக்கச் சொல்லுதாவ டாக்டரம்மா.”

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது.  அது நிற்கவே இல்லை.

கமர் நிஷா போனை வாயருகே கொண்டுபோனார்.

“ஏலே, கலியாணப் பேச்சு பேசும்போது யாராது அழுவாவளா? கண்ணத் தொடச்சிக்கோ. மாப்பிள்ள வீட்டுல யாரு பேசுததுன்னு மொதல்ல சொல்லு.”