பின்சீட்டில் ஒரு சுற்று

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வீட்டில் யாரும் அதை மறுக்க மாட்டார்கள், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடந்த வரைபடத்தைப் பார்த்து எனக்கு வந்தது நியாயமான கோபம்.

எங்கள் ஊரிலிருந்து கடற்கரையில் இருக்கும் அக்கா வீடுவரை நான் பாராசூட் வண்டியில் தனியாகப் பறந்து போக வேண்டிய வழியை, என் கணவர் சிவப்புப் பென்சிலால் அதில் வரைந்து வைத்திருந்தார். பறக்கிற வழி மாதிரியே இல்லை அது. நெடுஞ்சாலையோடு போய், ரவுண்டானாவைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, ஊர் ஊராக வளைந்து போனது. ரயில்வே கேட் பக்கத்தில் 'கேட் மூடியிருந்தால் தாமதம்' என்று குறிப்பு வேறு.

"கேட் மூடினா எனக்கு என்னங்க? ரயில் என்ன அவ்வளவு உசரத்துலயா போகுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழக்கதோஷம்மா. கை தானா எழுதிடுச்சு."

அவர் பேருந்து அலுவலகத்தில் வழித்தடம் போடுகிறவர். எந்த பஸ் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைவேலை. சாலை இல்லாத இடத்தில் மனிதர்கள் போவார்கள் என்பதே அவர் புத்திக்கு எட்டாது. போதாததற்கு, உயரம் என்றால் அவருக்குப் பயம். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது நான்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பார்.

எனக்குத் தொழில் சோபா உறை தைப்பது. ஒருநாள் பறக்கும் கிளப்பிலிருந்து, பாராசூட்டைச் சுருட்டி வைக்க ஒரு பை தைத்துத் தரக் கேட்டார்கள். அளவு எடுக்கப் போன இடத்தில் கிளப் மாஸ்டர் சும்மா ஒரு சுற்று கூட்டிப்போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. வண்டிக்கு மூன்று சக்கரம், முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை, முதுகுப் பக்கம் எஞ்சினும் பெரிய விசிறியும். பாராசூட்டைப் பின்னால் தரையில் விரித்துவிட்டு ஓட்டினால், அது காற்றைக் குடித்து எழுந்து தலைக்கு மேல் வந்து நம்மைத் தூக்கிக்கொள்ளும். என் மகள் அதற்கு வைத்த பெயர் பறக்கும் சோபா. நானும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு, ஆளை ஏற்றிப் பறக்கவும் அனுமதி வாங்கிவிட்டேன்.

ஆனால் சோபாவுக்கு வேகம் போதாது. காற்று ஓய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும்தான் அது கிளம்பும். அப்படிப்பட்ட அமைதியான நாட்கள் வருஷத்தில் கொஞ்சம்தான், அவையும் முடியப் போகின்றன. இவர் போட்ட வழியில் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டு போனால், பாதி தூரத்தில் காற்றுக்காலம் தொடங்கிவிடும். பயணம் அடுத்த வருஷத்துக்குத்தான்.

"ஏன் ரோட்டை விட்டு நகர மாட்டேங்கிறீங்க?"

"நான் கார்ல பெட்ரோலோட கீழ வரணுமில்ல? அண்ணாந்து பாத்தா நீ தெரியணும்."

"கார் ஓட்டுறவர் அண்ணாந்து பாத்தா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறது நீங்கதான்."

மகள் சாப்பாட்டில் புரையேறச் சிரித்தாள். நான் அடிக்கோலை எடுத்து, அவர் பென்சிலையே பிடுங்கி, எங்கள் ஊரிலிருந்து அக்கா ஊருக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். "இதுதான் வழி. பறவை இப்படித்தான் போகும்."

மறுநாள் இருவரும் கிளப்புக்குப் போனோம், மாஸ்டர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். "உங்க கோட்டுல ஏரி இருக்கு, காடு இருக்கு. எஞ்சின் நின்னா எங்க இறங்குவீங்க, மரத்துமேலயா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "சார், உங்க வழியில போனா பத்திரமா போய்ச் சேருவாங்க. அதுக்குள்ள அவங்க அக்காவுக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும்."

மாஸ்டர் சொன்னது சரிதான். ஆனாலும் இறங்கி வர மனமில்லை. என் கணவரும் ஒற்றைக்காலில் நின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். தடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். இவர் கீழே ஈரக்குலை நடுங்கிக்கொண்டு கிடக்க, நான் மேலே போய் என்னத்தை ரசிப்பது? அந்த நினைப்போடு என்னால் பறக்க முடியாது. இரண்டு நாள் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் பயிற்சிக்குக் கிளம்பினேன். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். மைதானத்தில் பாராசூட்டை விரித்து, கயிறுகளைச் சிக்கில்லாமல் நேர்செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"நானும் ஒரு சுற்று வரேன்."

"எங்க?"

"மேல." கையால் வானத்தைக் காட்டினார். "இத்தனை வருஷத்துல நான் ஏறிப் போகாத வழிய ஒரு டிரைவர்கிட்டயும் நான் குடுத்ததில்ல. முதல் வண்டியில நான் உக்காந்து போய்ட்டு வந்தப்புறம்தான் கையெழுத்தே போடுவேன். உனக்கு மட்டும் மேசையில உக்காந்து போட்டுக் குடுத்துட்டேன். அது தப்பு."

உண்மைதான். புது வழித்தடம் என்றால் காய்ச்சலோடுகூடப் போய் உட்காருவார். கண்ணீர் வருவதற்குள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

பின்சீட்டில் உட்கார்ந்த அவருக்கு நானே பெல்ட் போட்டுவிட்டேன். வண்டி ஓடியது, பாராசூட் எழுந்தது, தரை விலகியது. ஹெட்போனில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது, யாரோ துருத்தி ஊதுவது போல.

"கண்ணத் திறந்தீங்களா?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் ஏறி, எஞ்சினைத் தணித்து, மெல்ல ஒரு வட்டம் போட்டேன். வெயில் அப்போதுதான் வயல்களில் விழத் தொடங்கியிருந்தது.

"ஏம்மா," என்றது காதில் குரல்.

"சொல்லுங்க."

"அதோ வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அது நம்ம பஸ் ரோடுதானே?"

"ஆமா."

"சும்மா சும்மா சுத்திட்டுப் போகுது." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ஊருக்கே பொறுப்பாளி அவர்தான் என்பது போல. "பக்கத்துல பாரு, எவ்வளவு வெட்டவெளி. எங்க வேணா இறங்கலாம் போலிருக்கே."

"அதத்தானே நான் கத்திட்டிருந்தேன்."

"நீ காட்டு மேல கோடு போட்ட. அதையும் ஒத்துக்க."

ஒத்துக்கொண்டேன். மேலே இருக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

இறங்கியதும் காரின் பானெட்டில் வரைபடத்தை விரித்து, என் கோடு, அவர் கோடு இரண்டையும் அழித்தார். புதிதாக ஒன்று போட்டார். காட்டை ஒதுக்கி, ஏரிக்கரையோரமாக, வயலுக்கு வயல் தாவிப் போகிற கோடு. மாஸ்டர் பார்த்துவிட்டு, மாற்ற ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். காற்றுக்காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்.

"நடுவுல நான் உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேனே," என்றேன்.

"இறங்குற எடத்துல நான் நிப்பேன். நடுவுல உன் பாடு." பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "வழி நல்ல வழிதான். நானே போய்ப் பாத்துட்டேன்."

கிளம்புகிற நாள் காலை, என் துணிப்பையைக் கொண்டுவந்து அவர் உட்கார்ந்த அதே பின்சீட்டில் வைத்தார். பெல்ட்டை இழுத்து மாட்டி, இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தபோது பையின் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்காத," என்று அதனிடம் சொன்னார். "முதல்ல கொஞ்சம் பயமா இருக்கும். அப்புறம் கீழ பாரு, ரொம்ப நல்லா இருக்கும்."