ஐந்தாவது கை

தையல்காரிக்கு ஐம்பத்தெட்டு வயதில் வலது தோளுக்குப் பின்னால் மூன்றாவது கை முளைத்தது. முதலில் அரிப்பு, பிறகு கட்டி, மழைக்காலம் முடிவதற்குள் நகங்களோடு முழுக் கை. மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் தன் சட்டைகளுக்கெல்லாம் இன்னொரு கை வைத்துத் தைத்துக்கொண்டாள். அது எதற்கு வந்தது என்பது மாமியார் குளியலறையில் விழுந்த பிறகுதான் விளங்கியது. கிழவியின் கட்டிலைத் தையல் மிஷினை ஒட்டிப் போட்டார்கள். புதுக் கை கிழவிக்கு ஊட்ட, பழைய இரண்டும் துணியைத் தள்ளின. தெருவே மெச்சியது. மெச்சுவதற்கு என்ன செலவு?

இடது தோள் அரிக்க ஆரம்பித்தபோது அவள் வீட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற கணவர், "என்னை எதுக்கு அப்படிப் பாக்கறே?" என்று எரிந்து விழுந்தார். நான்காவது கைக்கு நகம் வளர்வதற்குள் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மாமியார் போய்ச் சேர்ந்தார். வருடக்கணக்கில் படுத்திருந்து கணவரும் போய்ச் சேர்ந்தார். வெளியூரில் இருந்த மகனும் மகளும், "உனக்குத்தான் கை இருக்கேம்மா" என்று போனில் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு இருந்ததை அவள் சொல்லிக்காட்டவில்லை.

எழுபதை நெருங்கும்போது கழுத்தோரம் அரித்தது. இந்த முறை பிள்ளைகள் அடித்துப் பிடித்து ஓடிவந்தார்கள். தலை முதல் கால் வரை பரிசோதித்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அப்படியும் படியேறினால் மூச்சு வாங்கும் மகனை நினைத்துத்தான் அவள் தூக்கமின்றிக் கிடந்தாள். இனி ஒருவரைத் தூக்கி நிறுத்தத் தன் இடுப்பில் வலு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்போ இது யாருக்குடா?" என்று கேட்டாள்.

மகன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.

ஐந்தாவது கைக்கு அவள் வெட்டிய சட்டைக்கை பொருந்தவே இல்லை. மற்றவை வெளியே பார்த்து நீள, இது அவள் முகத்தைப் பார்த்தே மடங்கியது. அளவைத்தான் தப்பாக எடுத்துவிட்டோம் என்று பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

அந்த வருடக் குளிர்காலத்தில் மிஷினுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. நான்கு கைகளும் துவண்டு கிடக்க, ஐந்தாவது கை அவளுக்குத் தலைவாரியது, வாய் துடைத்தது. பிள்ளைகள் வந்தார்கள். மகள் கண்ணாடி முன் நின்று தன் இரு தோள்களையும் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றதும் அவளுக்கு உயிர் வந்தது.

"நல்லவேளைம்மா, யாருக்கும் பாரமில்லாம ஆச்சு" என்றான் மகன்.

தையல்காரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஐந்தாவது கை ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டியது.