கரப்பான் விழுந்த குடுக்கை

த்லகொலூலா ஊரின் ஞாயிற்றுச் சந்தைக்குள் நுழைந்ததிலிருந்தே கிரிசெல்தா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தாள். கறிக்கடைப் பக்கம் ஆட்கள் பச்சைக் கறியை வாங்கி, அங்கேயே கரியடுப்பில் தாங்களே சுட்டுத் தின்றார்கள். கொழுப்புப் புகை அவள் தலைமுடியில் ஏறிவிட்டது. காலைக் கட்டிப் போட்ட வான்கோழிகள் தங்கள் எச்சத்திலேயே கிடந்தன. அவள் வடக்கே மொன்டெரே நகரத்தில் வளர்ந்தவள். கறியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தே பழக்கம். ஆனாலும் இங்கே வரலாம் என்று சொன்னது அவள்தான். கல்யாணம் நெருங்கிவிட்டது, புது வீட்டுக்கு ஒரு கம்பளி விரிப்பு வாங்க வேண்டும். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற லாசரோ கூட வந்தான். அவனுடைய அண்ணன் எவரிஸ்தோ அழைக்காமலே ஒட்டிக்கொண்டான்.

எவரிஸ்தோவுக்கு ஊர் ஊராகப் போய்த் தின்று வீடியோ போடுவதுதான் பிழைப்பு. ருசித்துச் சாப்பிட்டால் யாரும் பார்ப்பதில்லை, முகத்தைச் சுளித்தால் கூட்டம் சேருகிறது என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். வறுத்த வெட்டுக்கிளியை மென்று, போனைப் பார்த்தபடி அதை விற்ற கூடைக்காரியின் காலடியில் துப்பினான். விரிப்புக் கடையில், கறிக்கொழுப்பு வழிந்த விரல்களைத் தொங்கிய விரிப்பிலேயே துடைத்தான். சிவப்புக் கம்பளியில் நாலு விரலின் எண்ணெய்த் தடம். கிரிசெல்தா எடுக்க நினைத்திருந்த விரிப்பு அது.

"இது என்ன, கைத்துண்டா?" என்றாள்.

"எப்படியும் கால்ல போட்டு மிதிக்கத்தானே போறீங்க, கல்யாணப் பொண்ணு" என்று பல்லிடுக்கைக் குத்தினான். லாசரோ சிரித்தான்.

தெஹாதே என்ற சோளப் பானம் விற்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எர்மிலா என்பவள் பெரிய மண்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, சோளமும் கொக்கோவும் அரைத்த மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மேலே வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. அழுக்குத் துணி ஊறவைத்த தண்ணீர்தான் கிரிசெல்தாவுக்கு ஞாபகம் வந்தது. இருந்தாலும் ஒரு சுரைக்குடுக்கையில் வாங்கிக் குடித்தாள். நுரை மேலண்ணத்தில் கொழகொழவென்று ஒட்டியது.

"புடிக்கலையாம்மா?" என்றாள் எர்மிலா.

"பழக்கமில்ல, அதான்."

"மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். மூக்கப் புடிச்சுக்கிட்டு ரெண்டு மொடக்கு குடி, அப்புறம் நீயே கேப்ப."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், கிரிசெல்தாவும் சிரித்துவிட்டாள். அப்போதுதான் அவள் பார்த்தாள். எவரிஸ்தோ சட்டைப்பையிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, தானும் வாங்கி வைத்திருந்த வண்ணக் குடுக்கைக்குள் கவிழ்த்தான். செத்த கரப்பான். ஒரு கால் வெளியே நீட்டியபடி அது நுரையில் மிதந்தது. லாசரோ போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, கரப்பான்" என்று எவரிஸ்தோ கத்தினான். "இதத்தான் எல்லாரும் குடிக்கிறீங்களா?"

கூட்டம் திரும்பியது. குழந்தையோடு நின்ற ஒரு தாய், பாதி குடித்த குடுக்கையை அப்படியே கீழே வைத்தாள். எர்மிலாவின் முகம் வெளிறிப்போனது. "இல்ல தம்பி, விடியக்காலையில கழுவித்தான் வெச்சேன்..." என்று தொட்டியை மறைக்கப் போனாள்.

"அது இவர் பையில இருந்து வந்தது" என்றாள் கிரிசெல்தா. "காகிதத்துல மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கார். நான் பாத்தேன்."

கசங்கிய காகிதம் எவரிஸ்தோவின் விரலிலேயே இருந்தது. எர்மிலா எழுந்து வந்தாள். குடுக்கைக்குள் விரலை விட்டுக் கரப்பானை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டாள்.

"ஒங்க பொருள் இது. எடுத்துக்கிட்டுப் போங்க."

வான்கோழி விற்றவர்கள் எழுந்து நின்றதும் எவரிஸ்தோ நடையைக் கட்டினான். எர்மிலாவிடம் அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. பூச்சி தொட்டியில் விழவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, இருந்தும் வாங்கவில்லை. கடைசியில் அவளும் பக்கத்துக் கடைக்காரியும் தொட்டியைத் தூக்கிச் சாக்கடையில் சரித்தார்கள். கிரிசெல்தா மன்னிப்புக் கேட்டாள். எர்மிலா நிமிர்ந்து பார்க்காமல் தொட்டியைக் கழுவினாள்.

லாசரோ வந்து கிரிசெல்தாவின் தோளில் கை போட்டான். "ஏன் இப்படிக் கத்துன? வெளையாட்டுடி. ஓட்டல்ல ராத்திரியே புடிச்சு வெச்சோம்."

"வெச்சோமா?"

"நான்தான் செருப்பால அடிச்சேன்" என்றான் பெருமையாக. "கோவிச்சுக்காத. அந்த வீடியோவ அழிச்சுடறேன். அடுத்த ஊர்ல வேற எடுத்துக்கலாம்."

அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். தொட்ட இடம் பிசுபிசுத்த மாதிரி இருந்தது. சந்தைக்கு வெளியே நின்ற, ஆள் சேர்த்து ஓட்டும் வாடகைக் காரில், முன்பின் தெரியாத நாலு பேரோடு நெருக்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டு ஏறினாள். லாசரோ பின்னாலேயே ஓடிவந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

வழியில் அம்மாவுக்குப் போன் போட்டு, கல்யாணம் வேண்டாம் என்றாள்.

"அடிச்சானா? வேற பொண்ணு ஏதாச்சும் இருக்கா?" அம்மா பதறினாள்.

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் என்னடி? பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு. என்னன்னு சொல்லுவேன் ஊருக்கு?"

"அவன நெனச்சாலே கொமட்டுதும்மா" என்றாள் கிரிசெல்தா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவசரமாகத் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவளிடம் நீட்டினார்.