ஊர்ப்படைக்குக் கண் வைத்தவன்

இருபத்து மூன்று பேரும் ஒன்றாகத் தலைகுனிந்தார்கள்.

முதலில் கில்பட்டுக்கு அது தன் பார்வையின் பிழை என்றுதான் பட்டது. பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தான். முன்வரிசையில் நின்றவனின் கழுத்து மெல்ல வளைந்து, நாடி நெஞ்சில் முட்டியது. பக்கத்தில் நின்றவனுக்கு முழங்கால் மடிந்தது. கால் மணித்தியாலத்துக்குள் மஸாஹிரின் ஊர்ப்படை முழுவதும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த சனம் போலக் குனிந்து நின்றது. பாவம் செய்தவன் மட்டும் நிமிர்ந்து நின்றான், கையில் ரெசின் வாளியோடு.

ஒவ்வொருவனும் பெருவிரலின் ஒரு கணு உயரம். மேசையில் வைத்துத் தாயக்கட்டை உருட்டி விளையாடுகிற பழங்காலச் சண்டைக்கான ஆட்கள். கட்டாரில் இருந்து மச்சினன் அனுப்பிய பிளாஸ்டிக் வெள்ளைக்காரர்களின் தொப்பியை வெட்டி எறிந்து, நூல் சுற்றித் தலைப்பாகை கட்டி, பசையில் நனைத்த டிஷ்யூவில் சாரம் உடுத்தி, ஈர்க்கில் ஈட்டி கொடுத்து, மஸாஹிர் ஏழு மாதம் உட்கார்ந்து அவர்களைக் கற்பிட்டிக்காரர்கள் ஆக்கியிருந்தான். ராசாவின் சிப்பாய்கள் இல்லை இவர்கள். டச்சுக் கப்பல் கண்ணில் பட்டதும், வலை இழுத்தவனையும் வெங்காயம் நட்டவனையும் பிடித்து வந்து வரிசையில் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு படை. ஒரு சாரத்தின் கட்டம் போல் இன்னொன்று இல்லை.

கில்பட் எத்தாளையில் பைபர் படகு திருத்துகிறவன். பரீட்சைத் தாள் திருத்தப் பத்து நாள் குருநாகலுக்குப் போன மஸாஹிர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொருவனின் காலடியிலும் ஒரு பைபர் துண்டை ஒட்டிவிடு. அதைச் செய்து முடிக்க கில்பட்டுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மிச்ச நேரத்தில்தான் புத்தி வேலை செய்தது. உப்புக் காற்றுக்குப் பெயின்ட் உரியுமே, படகைப் பத்து வருடம் காக்கிற ரெசினை மேலால் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் மச்சான் வந்து அசந்து போக மாட்டானா?

ரெசின் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பது அவனுக்குத் தெரியாததும் அல்ல. பதினெட்டு வருடத் தொழில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் "யோகட் கோப்பைல ஊத்தாதீங்கடா, அடி கழண்டு விழும்!" என்று கத்துகிறவனே அவன்தான்.

தப்பியவன் ஒருவன், மேளக்காரன். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கைதவறி வாங்குப் பலகைக்குக் கீழே உருண்டு போனதால் உயிர் பிழைத்தான்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"ஆக்கள் எப்புடி மச்சான்?" என்று கேட்டான் மஸாஹிர்.

"நல்லா இருக்கிறானுகள்."

"காத்துக்கு விழ மாட்டானுகளே?"

"ஒட்டிட்டன். இனி அசைய மாட்டானுகள்," என்றான் கில்பட். அதில் ஒரு பொய்யும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குசினிக்குள் நின்ற அவன் மனைவி அல்பொன்சா எட்டிப் பார்த்தாள்.

"உருக்கிப்போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சுதே."

"நேர சொல்லுறன்."

"நேர சொல்ல வெளிக்கிட்டா உங்களுக்குத் தொண்டை அடைக்கும். எனக்குத் தெரியாதா?"

உருகியவர்களை றெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கை மீன் பெட்டிக்குள் போட்டு, பழைய வலையால் மூடி, படகுக்கு அடியில் தள்ளினான். பிறகு கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கனால் மேளக்காரனை அச்செடுத்தான். தன் ரெசினையே ஊற்றி இருபத்து மூன்று பேரை வார்த்தான். மேளங்களை அறுத்தெடுத்து, கம்பியால் கை முறுக்கி, ஈட்டி கொடுத்து, படகு ஓட்டை அடைக்கிற புட்டிப் பசையால் வயிறும் தாடியும் வைத்தான். சாரக் கட்டங்களைத் தொலைபேசியில் இருந்த பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினான். படகுக்காரர்கள் வந்து நின்று, "என்னண்ணே, எங்கட போட்டுக்கு எப்ப?" என்று கேட்டபோது, "ரெசின் காயல்ல," என்றான்.

ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. எவ்வளவுதான் பார்த்துத் தீட்டினாலும் கை வேறு, வேலை வேறு. மஸாஹிர் கண்டுபிடிப்பான். அப்போதுதான் கில்பட்டுக்கு அந்த யோசனை வந்தது: கண்.

மஸாஹிரின் ஆட்களுக்குக் கண்ணே கிடையாது. மூக்கு உண்டு, மீசை உண்டு, கண் இருக்க வேண்டிய இடம் வெறும் தோல். ஏன் என்று கில்பட் பல தரம் கேட்டிருக்கிறான். மஸாஹிரோ வரலாறு படிப்பிக்கிற மாஸ்டர். மழை வருமா என்று கேட்டால் உடனடிக் காரணி, நீண்டகாலக் காரணி என்று தொடங்குவானே தவிர, வருமா வராதா என்று சொல்ல மாட்டான். கண்ணைப் பற்றிக் கேட்டால், "அவனுகள் இன்னும் முழிக்கல்ல மச்சான்," என்பான். இன்னொரு நாள், "டச்சுக்காரனைக் கண்டா பயந்துருவானுகள், காணாமலே இரிக்கட்டும்," என்பான். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவான். நாற்பத்தாறு வயது, கண்ணாடி போட வெட்கம், கையிலும் சின்ன நடுக்கம். பாவம், முடியவில்லை, அதைச் சொல்ல மனமில்லை என்று கில்பட் தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

ஊர்க் கோயில் அந்தோனியார் சுரூபத்துக்கு ஒவ்வொரு திருவிழாவுக்கும் கண் தீட்டுகிற கை கில்பட்டின் கை. சுரூபம் எவ்வளவு பழுதாகி இருந்தாலும், கண்ணை வைத்தால் சனம் வேறு எதையும் பார்க்காது. அந்த நம்பிக்கையில் இருபத்து மூன்று பேருக்கும் வெள்ளை வைத்து, கருமணி வைத்து, அதற்குள் ஒரு ஒளிப்புள்ளியும் வைத்தான். மற்றவர்களோடு ஒத்துப்போகட்டும் என்று மேளக்காரனுக்கும் வைத்தான். தொலைபேசியில் பத்து நாளும் "நல்லா இருக்கிறானுகள்" என்ற அதே பதிலைச் சொன்னான்.

மஸாஹிர் வந்து பெட்டியைத் திறந்தான். ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கண்ணெல்லாம் வெச்சிரிக்கிறாய்."

"சும்மா ஒரு அன்பளிப்பு மச்சான். வார்னிசும் அடிச்சன். அதுதான் நிறம் கொஞ்சம் வேற மாதிரி."

"ம்."

"நல்லா இருக்கா இல்லையா?"

"வேலை சுத்தம்," என்றான் மஸாஹிர். மேளக்காரனை எடுத்து விரலால் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "பெட்டி இங்கயே இரிக்கட்டும். ஞாயித்துக்கிழம ஆட்டத்துக்குச் சிலாபத்துக்கு இங்கிருந்தே எடுத்துட்டுப் போவம்."

எப்போதும் படையைச் சைக்கிளில் பத்திரமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் அன்று வெறுங்கையோடு சைக்கிள் ஏறினான். கண்டுபிடித்துவிட்டானா, இல்லையா? கில்பட் அல்பொன்சாவிடம் கேட்டான். "அத என்னட்டக் கேட்டு என்ன? அந்த மனுசனிட்டக் கேளுங்க," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை சிலாபத்தில் விளையாட்டுக் கூட்டாளி நிரோசன் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். நிரோசனுடையது டச்சுப் படை, நீலச் சட்டை, ஒழுங்கான வரிசை, பீரங்கி. இந்தப் பக்கம் மஸாஹிரும் கில்பட்டும். ஊர்ப்படை எதிரியைப் பார்த்து நிற்பதால் இவர்களுக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

விதிப்படி, அடி வாங்கிய ஊர்ப்படைக்குத் தாயத்தில் நாலோ அதற்கு மேலோ விழ வேண்டும். குறைந்தால் ஓடும். ஓடுகிற படையைப் பின்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும்.

இரண்டு விழுந்தது.

"ஓடு, ஓடு!" என்று கைதட்டினான் நிரோசன். "வெங்காயத் தோட்டத்துக்கே ஓடு!"

மஸாஹிர் ஒவ்வொருவனாகத் திருப்பினான். ஐந்தாவது ஆளில் அவன் கை நின்றது. ஐந்து சோடிக் கண்கள் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன, கில்பட் ஆசையாக வைத்த ஒளிப்புள்ளியோடு. மஸாஹிர் பார்வையைத் திருப்பிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, நின்ற இருபத்து நான்கு பேர் மேலும் விரித்தான்.

"என்ன மாஸ்டர், துணி போத்துறீங்க, அதுக்குள்ள மையத்தா?" என்று சிரித்தான் நிரோசன்.

"தூசி படுது," என்றான் மஸாஹிர்.

கில்பட்டுக்குக் காது சுட்டது. இவ்வளவு நாளும் தான் எதையோ மறைக்கிறோம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். மறைப்பதற்காகத் தான் வைத்த கண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தனக்கே தெரியாது என்பது அந்த லேஞ்சியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

திரும்பும் வழியில் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸுக்கு நின்றார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடையில் இரண்டு பிளேன்டீ வாங்கினார்கள். படைப் பெட்டி இருவருக்கும் நடுவே வாங்கில் இருந்தது. கில்பட் ஒரு மிடறு குடித்தான். அல்பொன்சா சொன்னது பலித்துவிடுமுன் சொல்லிவிட்டான்.

"மச்சான், இது ஒன்ட ஆக்கள் இல்ல."

மஸாஹிர் ரோட்டைப் பார்த்தான்.

"ரெசின் பூசினன். உருகிட்டானுகள். இருபத்து மூணு பேரும். இது நான் வார்த்தது. மேளக்காரன் மட்டும்தான் ஒன்ட. உருகினது மீன்பெட்டிக்குள்ள கிடக்குது, எறியல்ல. எறிய மனம் வரல்ல."

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"பெட்டி திறந்த நேரமே. என்ட ஆக்கள்ட ஈட்டி எங்கட வீட்டு விளக்குமாத்து ஈர்க்கு. ஒன்ட ஆக்கள்ட கையில இரிக்கிறது கம்பி."

"அப்ப ஏன்டா ஒண்டும் சொல்லல்ல?"

"அதுக்கு மச்சான் பல காரணிகள் இரிக்கி. உடனடிக் காரணி என்னெண்டா..."

"டேய்!" கில்பட்டின் சத்தத்துக்குக் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். "காரணி வேணாம்டா. நான் மோடன், கள்ளன், எல்லாம் சரி. ஒண்டே ஒண்டு மட்டும் நேராச் சொல்லு. நீ ஏன் அவனுகளுக்குக் கண் வெக்கல்ல?"

பஸ் ஒன்று வந்து நின்றது. புத்தளம் பஸ். போய்விட்டது. மஸாஹிர் கோப்பையை வாங்கில் வைத்தான்.

"உம்மா வேணாமெண்டா," என்றான். "உருவம் செய்றது எங்கட உம்மாக்குப் புடிக்காது. நீ சுரூபத்துக்குக் கண் வெக்கிற ஆள், ஒன்னட்டச் சொன்னா நீ வீட்டுக்கு வாறத நிப்பாட்டிருவாய் எண்டுதான் நான் சொல்லல்ல. மொதல் ஆள செஞ்ச அண்டு உம்மா பக்கத்துல வந்து இருந்தா. முகம் வெச்சிட்டாய், சரி மவன், கண்ண மட்டும் வெக்காத, கண் வெச்சா உசிர் வெச்ச மாதிரி, அது படைச்சவன்ட வேலை எண்டா. நானும் சரியெண்டு வாக்குக் குடுத்தன். அண்டையிலிருந்து என்ட ஆக்கள் காய வெச்சிரிக்கிற ஜன்னல் பக்கத்தால அவ பேசாமப் போவா, வருவா. இப்ப இந்தப் பெட்டிய நான் வீட்டுக்குள்ள எடுக்க ஏலாது."

கில்பட் வாயைத் திறந்தான். மஸாஹிர் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ கோவமா எண்டு கேக்கப் போறாய். ஓம், கோவம்தான். உருக்கினதுக்கு இல்ல, அது கைப்பிழை. பத்து நாளும் போன் எடுத்தன், பத்து நாளும் நல்லா இருக்கிறானுகள் எண்டாய். அந்த மேளக்காரன், அவன் ஒருத்தன்தான் மிச்சம், அவனயும் நீ விடல்ல, கண் வெச்சிட்டாய். எனக்கு நொந்து போச்சு மச்சான்."